பிழை திருத்துகிறவளின் வாக்கு

அலபாமாவின் அரசியல் சட்டத்தை
ஒரு மதிய உணவு நேரத்தில்
மான்ட்கோமரி அலுவலகத் தபால் தராசில் வைத்தேன்.
முள் கடைசிக் கோட்டைத் தாண்டி
அங்கேயே நின்றுவிட்டது.

ஆயிரத்தை எட்டப் பார்க்கும் திருத்தங்கள்.
ஒரு மாவட்டத்தில் கொசு ஒழிக்க ஒன்று.
இன்னொன்றில் பிங்கோ ஆட.
செத்த மாட்டை எப்படி அப்புறப்படுத்துவது என்பதற்கும் ஒன்று.
சின்னச் சின்னக் காரியத்துக்கும்
தலைநகரம் தலையசைக்க வேண்டும்.
ஓர் அவையில் நூற்றைந்து பேர்,
மற்றதில் முப்பத்தைந்து பேர்,
அதன்பின் வாக்குச்சீட்டு,
சில சமயம் அந்த மாட்டைப் பார்த்தேயிராத
ஊர்களிலும்.
உள்ளூர்க்காரனை நம்பாதே என்று
1901இல் எழுதி வைத்தார்கள்.
எந்த உள்ளூர்க்காரனை என்பதை
எழுதாமல் எழுதினார்கள்.

"சுலபமான வேலை" என்றார் டுவைட் ஹோலிஃபீல்ட்.
இனவாதச் சொற்களை எடு.
ரத்தானதை நீக்கு.
மாவட்ட வாரியாக அடுக்கு.
பொருள் மட்டும் மாறக் கூடாது.
"தூசி தட்டு, வெர்லீன்.
சுவரில் கை வைக்காதே."

பள்ளிகளைப் பிரித்த பிரிவு,
நீதிமன்றம் கொன்று பல காலம் ஆகியும்
அச்சில் படுத்துக் கிடந்தது.
அடுத்து, தலைவரி.
வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர்,
கட்டாத ஆண்டெல்லாம் கடனாய் ஏறும்.
வசூலான பணம் பள்ளிக்கூடங்களுக்காம்.
அந்த வரியை இருமுறை படித்தேன்,
பென்சிலைக் கடித்துக்கொண்டு.
குற்றத்துக்குத் தண்டனையாகவென்றால்
அடிமைத்தனத்துக்கும் அனுமதி உண்டு,
ஒரு காற்புள்ளிக்குப் பின்னால்.
தேர்ந்தெடுத்து அழுத்தினேன்.
நிச்சயமா என்று கேட்டது கணினி.
இந்த அலுவலகத்தில்
என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு சந்தேகத்துக்காக
ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.
அந்தச் சட்டம் எப்படி நிறைவேறியது?
மக்கள் வாக்களித்து.
மாநிலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால்
கருமண் மாவட்டங்கள்தான் அதைக் கரையேற்றின.
பருத்தி வயல்களில்
என் ஆட்கள் நிறைந்திருந்த மாவட்டங்கள்.
தங்கள் வாக்கைப் பிடுங்கும் சட்டத்துக்கு
ஆயிரக்கணக்கில் ஆம் சொன்னார்களாம்.
கணக்குப் புத்தகம் சொல்கிறது.
அதன் கையெழுத்து அழகாயிருக்கிறது,
எண்கள் ஒன்றும் இடறவில்லை.

என் தாத்தாவுக்குத் தகப்பன் ஐசம் ஸ்டாலிங்ஸ்
ஒரு வாக்காளர் பட்டியலில் இருக்கிறான்.
அன்றைக்கு அவன் சாவடிப் பக்கமே போகவில்லை,
ஆற்றுக்கு அந்தப் பக்கம்
வேலி போட்டுக்கொண்டிருந்தான் என்று
வீட்டில் ஒரு பேச்சு உண்டு.
ஆனாலும் அவன் ஆம் என்றான்.
வேறொருவரின் பேனா வழியாக.

நவம்பர் செவ்வாய்,
தீயணைப்பு நிலையத்தில் எனக்கு முன்னே பதினோரு பேர்.
வண்டிகளை வெளியே நிறுத்தியிருந்தார்கள்,
உள்ளே இன்னும் டீசல் வாடை.
சீட்டின் அடியில், சின்ன எழுத்தில்,
ஓர் ஆண்டு நான் திருத்தியது முழுவதும்
ஒரே கேள்வியாக.
முதலில் அதில் பிழை தேடினேன்.
கை பழகிவிட்டது.

சொத்துவரியின் கட்டு அப்படியே இருக்கிறது.
கொசு அப்படியே.
நூற்றைந்து, முப்பத்தைந்து, அப்படியே.
பொருள் மாறக் கூடாது என்றாரே,
மாறவில்லை.

பின்னால் நின்றவர் இருமினார்.
பேனா முதலில் எழுதவில்லை,
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன்.
செல்லாமல் போய்விடுமோ என்று
ஒரு கணம் பயம்.
பிறகு முட்டை வடிவ வட்டத்தை
விளிம்பு தாண்டாமல் நிரப்பினேன்.
ஆம்.

இது ஐசமுக்காக இல்லை.
அவனுக்காக ஒருவர் போட்டது போதும்.

இயந்திரம் சீட்டை இழுத்துக்கொண்டது.
திரையில் என் எண் வந்தது: 412.
ஒட்டுவதற்கு ஒரு வில்லை தந்தார்கள்.
வண்டியில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்,
விரலில் மை.
துடைக்காமல்
ஸ்டீயரிங்கைப் பிடித்தேன்.